அரைஞாண் கயிற்றில் ஒரு குரல்

எங்கள் ஒன்றியத்தில் பேசுவதற்காகவே சம்பளம் வாங்கியவள் நான் ஒருத்திதான். பதவியின் பெயர் மழலை மொழிப் பணியாளர். திருச்செங்கோட்டுப் பக்கம் தறி ஓடும் தெருக்களில் எல்லோரும் என்னை டீச்சர் என்பார்கள். நான் டீச்சர் இல்லை, யாருக்கும் எதையும் கற்றுக்கொடுத்ததும் இல்லை. கைக்குழந்தை உள்ள வீடுகளுக்குப் போக வேண்டும், குழந்தையின் இடுப்பில் இருக்கும் கருவியைச் சரிபார்க்க வேண்டும், பார்த்ததை ஃபோனில் நாலு வரி எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. அப்படி நான் எழுதிய ஒரு வரியைப் பற்றித்தான் இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது.

கருவிக்கு அரசு வைத்த பெயர் ஒன்றரை வரி நீளம். ஜனங்கள் தாயத்து என்று சொல்லி வேலையை முடித்துக்கொண்டார்கள். விரல்நுனி அளவுக்கு ஒரு உருளை. குழந்தைக்கு அரைஞாண் கட்டும் அன்றே கயிற்றில் இதையும் கோத்துவிடுவார்கள், மூன்று வயது முடிகிற வரை கழற்றக் கூடாது. ஒரு குழந்தையிடம் நாளுக்குப் பதினைந்தாயிரம் வார்த்தையாவது பேசினால்தான் அது பிற்பாடு தடங்கலின்றி எழுத்துக் கூட்டிப் படிக்கும் என்று நிபுணர்கள் முடிவு செய்திருந்தார்கள். தாயத்து நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும். மனிதர்கள் குழந்தையிடம் பேசுவதை மட்டும் எண்ணும். டிவி பேசினால் எண்ணாது. எண்ணிக்கை குறைந்தால் மீதியை அதுவே பேசிவிடும், அதுவும் அம்மாவின் குரலில். பெற்றவள் முன்கூட்டியே அரை மணி நேரம் பேசிப் பதிவு செய்து கொடுத்தால் போதும். குழந்தை தானே சொல்லும் புதுப்புதுச் சொற்களுக்கு அதனிடம் வேறு கணக்கு உண்டு.

ஏமாற்றாமல் இருப்பார்களா? ஒருவர் தாயத்தை அவிழ்த்து ஆட்டுக்குட்டியின் கழுத்தில் கட்டிச் சந்தைக்கு ஓட்டிப் போய்விட்டார், அங்கேதான் பேச்சுக்குப் பஞ்சமில்லையே என்று. "குழந்தைக்குக் கடும் காய்ச்சல், உடனே செல்க" என்று எனக்குச் செய்தி வந்தது. ஆட்டுக்கு உடம்புச் சூடு நம்மைவிட அதிகம் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். வேர்க்க விறுவிறுக்க ஓடினால், குட்டி ஒரு முட்டைக்கோஸ் இலையை மென்றபடி என்னைப் பார்த்தது.

தாயத்துக்குச் சில குறைகளும் உண்டு. அதற்குக் கண் கிடையாது, குழந்தை உள்ள வீட்டுக்குள் கேமரா கூடாது என்று சட்டம். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவும் தெரியாது, எங்களுக்கு வந்தது அந்த அளவு மலிவான ரகம். ஒரே ஒரு நல்ல பழக்கம்: குழந்தை வாயைத் திறந்தால் அது தன் வாயை மூடிக்கொள்ளும்.

பரணிக்கு மூன்று வயது முடிய இருபத்தாறு நாள் இருந்தது. அவன் சொந்தக் குரலில் பேசிய வெவ்வேறு சொற்கள் மொத்தம் நாற்பத்தொன்று. மூன்று வயதில் ஐந்நூறு வேண்டும். இல்லாவிட்டால் குழந்தையை மொழி இல்லத்துக்கு அனுப்ப வேண்டும். அது பக்கத்து மாவட்டத்தில் இருந்தது. ஒரு வருடம் அங்கேயே தங்க வேண்டும், மாதம் ஒரு முறை பெற்றோர் போய்ப் பார்க்கலாம். அந்த நோட்டீஸைக் கொடுக்கத்தான் அன்றைக்கு வளர்மதியைத் தேடித் தறிக்கூடத்துக்குப் போனேன்.

வளர்மதிக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. காது கேளாதோர் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கணவன் செங்கோட்டையன் போர்வெல் போடும் ரிக் வண்டியில் வடக்கே போய்விட்டால் ஒன்பது மாதம் கழித்துத்தான் வருவான். பரணி பிறந்தபோது பெரிய சிக்கல் வந்தது. அம்மாவின் குரல் என்று எதைப் பதிவு செய்வது? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். அவள் தொண்டையையும் தாடையையும் அளந்து, தங்கையின் குரலைக் கொஞ்சம் கலந்து, "இவருக்குக் குரல் இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும்" என்று ஒன்றைச் செய்து அனுப்பினார்கள். தாயத்து முதல்முதலாகப் பேசியபோது நான் பக்கத்தில் இருந்தேன். "எப்படி இருக்கு?" என்று ஃபோனில் எழுதிக் காட்டினாள். "ரொம்ப இனிமையா இருக்கு" என்று எழுதினேன். அன்று அவள் முகத்தில் வந்த வெட்கத்தை நான் மறக்கவில்லை.

தறிக்கூடத்துக்குள் நுழைந்தால் நம் குரல் நமக்கே கேட்காது. பன்னிரண்டு தறி ஒரே நேரத்தில் சடக் சடக்கென்று அடிக்கும். அங்கே எல்லோரும் கையால்தான் பேசுவார்கள். நூல் அறுந்தது, டீ வந்தது, முதலாளி வருகிறார் எல்லாவற்றுக்கும் ஒரு சைகை. ஊர்க்கதை, சண்டை, சமாதானம் கூட அப்படித்தான். காது கேட்கிறவர்களே கையால் பேசும் இடத்தில் வளர்மதிக்கு என்ன குறை? நாலு தறியை ஒற்றை ஆளாகப் பார்ப்பாள்.

அவள் நோட்டீஸைப் படித்தாள். இரண்டு தரம் படித்தாள். பிறகு தறியை நிறுத்தாமல், அறுந்த நூல் ஒன்றை முடிந்துவிட்டு வந்தாள். முடிச்சு மூன்றாவது தரம்தான் விழுந்தது. பரணி ஒரு நூல் கோன் அட்டையை வைத்துக்கொண்டு தறியில் நீண்டிருந்த பாவு நூலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தான். அவன் இடுப்பிலிருந்து அந்த இனிமையான குரல் என்னமோ சொல்லிக்கொண்டிருந்திருக்கும். அந்த இரைச்சலில் அவனைத் தவிர வேறு யாருக்கும் அது கேட்காது. அவன் கைகள் வழக்கம்போல அலைந்துகொண்டிருந்தன.

பக்கத்துத் தறிக்காரி தங்காயி என் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தாள்.

"ஏனுங்க டீச்சர், பையனுக்குப் பேச்சு வரலீன்னு யாருங்க சொன்னது?"

"தாயத்துதாங்க. நாப்பத்தொரு வார்த்தைதான் பேசியிருக்கான்."

"அட போங்க. நாள் பூரா பொளபொளன்னு பேசறானுங்க அவங்கம்மாகிட்ட. எங்களுக்கே கை வலிக்குது, அவனுக்கு வலிக்கறதில்ல."

நான் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். தங்காயி எதையும் பெரிதாக்கிச் சொல்கிற ஆள். தவிர, அந்தக் கை அசைவைப் பற்றி எனக்கு ஏற்கனவே தெரியும், அதைக் குறித்தும் வைத்திருந்தேன்.

வளர்மதி வெளியே வந்து ஃபோனை நீட்டினாள். "அக்கா, என் பையனை ஏன் கூட்டிட்டுப் போறீங்க?"

தெரிந்த காரணத்தை எழுதினேன். பதிலுக்கு அவள் எழுதியதை நான் எதிர்பார்க்கவில்லை.

"மூணு வருசமா நான் அவங்கிட்ட தினமும் என்ன பேசறேன்? எனக்குக் காட்டுங்க."

மேற்பார்வையாளர் ஞானசேகருக்கு ஃபோன் போட்டேன். அவர் கெட்டவர் இல்லை, படிவத்துக்கு வெளியே உலகம் இருப்பதாக அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"தாயத்து பேசுனதை எழுத்துல கேக்கறாங்களா? இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே, மேடம்."

"கொடுக்கக் கூடாதுன்னு விதி இருக்கா, சார்?"

"கேப்பாங்கன்னு யாரும் நினைச்சிருக்க மாட்டாங்க. அதனால விதியும் இல்ல. ஒரு நாளைக்கு உண்டானதை மட்டும் எடுத்துக் குடுங்க."

முந்தின வாரத்துச் செவ்வாய்க்கிழமையை எடுத்தேன். அச்சிட்டால் அறுபத்திரண்டு பக்கம் வந்தது. கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன், ஏதோ ஆறுதலுக்குக் கேட்கிறாள் என்ற நினைப்பில்.

ஞாயிற்றுக்கிழமை தறிக்கு ஓய்வு. மத்தியானம் வீட்டுக்கு வரச் சொல்லிச் செய்தி அனுப்பியிருந்தாள். போனபோது பாயில் காகிதங்கள் பரவிக் கிடந்தன. பாதி வரிகளின் கீழே நீல மையில் கோடு. பரணி அவள் மடியில் இருந்தான்.

முதலில் அவள் சொன்னவை குறைகள்தான். ஒவ்வொரு இடமாக விரலை வைத்துக் காட்டி ஃபோனில் எழுதினாள்.

"இங்க பாருங்க, அவன் அழறான், நான் 'அழாதே அழாதே'ன்னு சொல்றேன். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அழட்டும்னு மடியில வெச்சுக்குவேன்."

அடுத்த பக்கம். "'அம்மா வேலையா இருக்கேன், அப்புறம் வர்றேன்.' எங்க போனேன்? அவன் பக்கத்துலயேதான் இருந்தேன்."

அடுத்தது. "'மழை வருது பாரு தங்கம்.' அன்னிக்கு வானத்துல ஒரு மேகம் இல்லை."

"நல்ல அம்மாவாத்தான் இருக்கா. ஆனா நான் இல்லை" என்று எழுதினாள். ஒருத்தியின் பெயரில் மூன்று வருடம் பேசியிருக்கிறோம். என்ன பேசுகிறோம் என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. அதையும் நான் இனிமையாக இருக்கிறது என்று சொல்லி ஒப்பேற்றியிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்கலாம் என்று ஃபோனை எடுத்தேன். அவள் தடுத்தாள். இன்னும் முடியவில்லை என்பதுபோல வேறு ஒரு கட்டுத் தாளை எடுத்தாள். அதில் கோடு பச்சையில் இருந்தது.

"இதெல்லாம் எனக்கு முன்னாடியே தெரியும் அக்கா."

"எப்படி?"

"பரணி சொன்னான்."

எனக்குப் புரியவில்லை. அவள் பொறுமையாக எழுதினாள், தவறுதலாகக்கூட ஒரு எழுத்து பிசகவில்லை. "செவ்வாய்க்கிழமை என் சேலையைப் பிடிச்சு இழுத்து, மழை வருதுன்னு கையில சொன்னான். வெளிய போய்ப் பாத்தேன், நல்ல வெயில். பொய் சொல்லப் பழகிட்டானோன்னு கவலைப்பட்டேன். மத்தியானம் நரி செருப்பைத் தொலைச்சிருச்சுன்னு சொன்னான். அவன் செருப்பைத்தான் நாய் தூக்கிட்டுப் போயிருச்சுன்னு நினைச்சுத் தெருவெல்லாம் தேடினேன். இப்பப் பாத்தா நாப்பதாவது பக்கத்துல இருக்கு, செருப்புத் தொலைச்ச நரியோட கதை."

அவள் அந்தப் பக்கத்தை எடுத்து மகன் முன்னால் வைத்தாள். ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தாள். பரணி எட்டிப் பார்த்தான். உடனே ஐந்து விரலையும் குவித்து மூக்கின் முன்னால் நீட்டினான். நரி. அவள் விரல் நகர்ந்தது. அவன் தன் பாதத்தைத் தட்டிக் காட்டினான். செருப்பு. அடுத்த சொல்லுக்கு அவள் விரல் போவதற்கு முன்பே அவனே தொட்டுவிட்டு, இரண்டு கையையும் விரித்துக் காணோம் என்றான்.

மூன்று வயது ஆகாத பிள்ளை. அரசு அச்சடித்த படிக்கவே சலிப்பான காகிதத்தை, நாலே நாளில் கதைப்புத்தகம் ஆக்கிப் படித்துக்கொண்டிருந்தான். அதற்கு முன்பே நூல் கோன் அட்டைகளில் எழுதிக் காட்டி அவள் அவனுக்குச் சில சொற்களைப் பழக்கியிருந்தாளாம். எனக்கு அது தெரியாது, நான் கேட்டதும் இல்லை.

ஆக, இடுப்பில் இருந்த குரல் தன் அம்மாவுடையது என்று பரணி ஒரு நாளும் நினைக்கவில்லை. அம்மா எப்படிப் பேசுவாள் என்று அவனுக்குத் தெரியாதா? யாரோ ஒருவர் தன் அரைஞாணில் இருந்துகொண்டு ஓயாமல் பேசுகிறார், அம்மாவுக்கு அது கேட்கவில்லை, நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறான். அந்தச் சின்னக் கை இரண்டும் அத்தனை நாளாக அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தன.

நான் முதலில் சொன்ன வரி இதுதான். எட்டு மாதத்துக்கு முன்னால் அவனைப் பற்றி எழுதியிருந்தேன்: "கைகளைத் தேவையில்லாமல் அசைக்கிறான்." எண்ணிக்கை குறைவு என்பதோடு அந்த வரியும் சேர்ந்ததால்தான் அவன் பெயர் மொழி இல்லப் பட்டியலில் ஏறியது. வளர்மதியிடம் அதைச் சொன்னேன். எழுதிக் காட்டும்போது என் விரல் கூசியது. அவள் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. "உங்களுக்குத் தெரியாது, நீங்க எப்பவும் ஃபோனையேதானே பாத்துட்டு இருப்பீங்க" என்று எழுதினாள்.

அங்கிருந்தே ஞானசேகரைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். அவருக்கும் வியப்புத்தான்.

"கேக்கவே ஆச்சரியமா இருக்கு மேடம். ஆனா கையில பேசுனா எண்ணிக்கையில ஏறாதே. அதுக்குக் கண்ணு இல்லையே. நான் என்ன பண்ணட்டும்?"

"அவன் பேசறான் சார்!"

"சத்தமாப் பேசணும் மேடம். இன்னும் இருபத்தோரு நாள் இருக்கு."

நான் அதை எழுதிக் காட்டினேன். வளர்மதி மகனை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவனை எங்கேயும் அனுப்ப மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அந்த நேரம் பார்த்துத் தாயத்து வாய் திறந்தது. தறி ஓயாமல் ஓடும் இடத்தில் வாழ்கிறவர்கள் வீட்டில், தறி நின்ற மத்தியானத்தில், அந்தக் குரல் அத்தனை தெளிவாகக் கேட்டது.

"மழை வருது பாரு தங்கம்! ஜில்லுனு இருக்கு பாரு!"

வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. பரணி கடமை தவறாமல் அம்மா பக்கம் திரும்பி விரல்களை மேலிருந்து கீழே உதிர்த்தான். இத்தனை நாளும் அவள் மகனுக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறாள், இல்லையடா, வெயில் பார் என்று. இன்றைக்கு யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவன் இடுப்பைச் சுட்டிக் காட்டினாள். அதனிடம் சொல் என்று சைகை செய்தாள். பிறகு நீளமாக ஏதோ சொன்னாள்.

பரணி குனிந்தான். சட்டையைத் தூக்கித் தாயத்துக்கு நேராக இரண்டு கையையும் வைத்து, அம்மா சொன்னதை அப்படியே செய்து காட்டினான். குரல் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனது. மறுபடியும் செய்து காட்டினான், இந்த முறை இன்னும் கிட்டத்தில். பிறகு உருளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எதைத் தேடுகிறான் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அம்மாவை நிமிர்ந்து பார்த்தான். அவள் ஒரு விரலால் அவன் உதட்டைத் தொட்டாள்.

பரணி மூச்சை இழுத்துக்கொண்டான்.

"மழை இல்லை. வெயில். துணி காயுது. அம்மா சொல்றாங்க." கொஞ்சம் யோசித்தான். "நீ சும்மா இரு."

குழந்தை வாயைத் திறந்ததால் தாயத்து தன் வாயை மூடிக்கொண்டது. பரணிக்கு அந்த விவரம் தெரியுமா? மூன்று வருடமாக யார் பேச்சையும் கேட்காத ஒருவர் தன் பேச்சைக் கேட்டுவிட்டார் என்று குதித்தான், சிரித்தான், ஓடிப் போய்ச் சுவரில் மோதிவிட்டு வந்தான்.

வளர்மதி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். என்ன சொன்னான்? எழுதிக் காட்டினேன். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் படித்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"'சும்மா இரு'ன்னு நான் சொல்லவே இல்லை அக்கா. துணி காயுதுன்னு மட்டும்தான் சொன்னேன்."

மொழிபெயர்க்க வந்தவர் தன் கைச்சரக்கையும் சேர்த்திருந்தார். மூன்று வருட ஆத்திரம் இருக்காதா அவனுக்கும்?

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததைப் பேச்சுப் பயிற்சி என்று யாராவது சொன்னால் சிரிப்பேன். அது சம்பந்திகள் சண்டை. தாயத்து ஒன்று சொல்லும், பரணி கையால் அம்மாவுக்குச் சொல்வான். அவள் மறுத்துச் சொல்வாள், அவன் வாயால் தாயத்துக்குச் சொல்வான். 'நரிக்குச் செருப்பு எதுக்குன்னு கேக்கறாங்க.' 'அம்மா எங்கயும் போகலை, இங்கதான் இருக்காங்க.' 'அழுதா அழட்டுமாம்.' ஏழாம் நாள் எண்ணிக்கை இருநூறைத் தாண்டியது. பத்தாம் நாள் செங்கோட்டையன் வடக்கே எங்கோ ஒரு காட்டிலிருந்து தங்காயியின் ஃபோனுக்குக் கூப்பிட்டபோது இவன் எடுத்து, "அப்பா, தண்ணி வந்துச்சா?" என்றிருக்கிறான். அந்த மனிதர் தவறான எண் என்று வைத்துவிட்டாராம். திரும்பக் கூப்பிட்டு, முதலில் சிரித்து, அப்புறம் பேச முடியாமல் ஃபோனை ரிக் டிரைவரிடம் கொடுத்துவிட்டதாகத் தங்காயி சொன்னாள். தங்காயி சொல்வதை இப்போதெல்லாம் நான் அப்படியே நம்புகிறேன்.

இதற்கிடையில் நான் ஒரு வேலை செய்தேன். ஆறு வருடத்தில் எழுதிய குறிப்புகளை எல்லாம் எடுத்து, அந்த வரியைத் தேடினேன். தறித்தெருக்களில் ஏழு குழந்தைகளுக்கு அதே வரியை எழுதியிருந்தேன். அம்மா தறியில் நிற்க, இரைச்சலுக்கு நடுவே வளர்ந்து, கையால் பேசப் பழகிய பிள்ளைகள். அவர்களில் இரண்டு பேர் போன வருடமே மொழி இல்லத்துக்குப் போய்விட்டார்கள்.

ஞானசேகரிடம் குறிப்புகளை அழிக்க வேண்டும் என்றேன். "அழிக்க முடியாது மேடம், கீழ சேர்க்கத்தான் முடியும்" என்றார். ஏழு பேருக்கும் சேர்த்தேன்: "மேலே எழுதியது என் தவறு. அது பேச்சு. எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை." மொழி இல்லத்துக்குத் தனியாகக் கடிதமும் எழுதினேன். நாலு தரம் நேரில் போனேன். ஒரு பெண் குழந்தையை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் இப்போது கையை அசைப்பதில்லை, அங்கே அதை நிறுத்திவிட்டார்களாம். இன்னொரு குழந்தைக்கு இன்னும் பதில் வரவில்லை. என் தூக்கம் கெட்டது கெட்டதுதான்.

பரணிக்கு மூன்று வயது முடிந்த அன்று எண்ணிக்கை அறுநூற்றுப் பதினெட்டு. தாயத்தைக் கழற்ற நான்தான் போனேன். வளர்மதி புதுச் சேலை கட்டி, கேசரி செய்து வைத்திருந்தாள். வாசலில் நின்றபடி, மூன்று வாரமாகத் தங்காயியிடம் கற்றுக்கொண்ட சைகையில், நல்லா இருக்கியா என்று கேட்டேன். வளர்மதி விழுந்து விழுந்து சிரித்தாள். டீ வந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறேனாம்.

கயிற்றிலிருந்து உருளையை உருவினேன். வளர்மதி அதை என்னிடமிருந்து வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். தனக்கென்று செய்த குரல். அவள் ஒரு தரம்கூடக் கேட்காதது. என்ன நினைத்தாளோ, கன்னத்தில் ஒரு நிமிடம் வைத்துக்கொண்டாள், அது பேசினால் அதிர்வாவது தெரியுமா என்பதுபோல. அது பேசவில்லை. குழந்தையின் உடம்பை விட்டால் அது தானாக அணைந்துவிடும். என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நான் பையைத் திறந்து, கழற்றிய மற்றத் தாயத்துகளோடு அதையும் போடப் போனேன். பரணி ஓடி வந்து என் கையைப் பிடித்தான்.

"எங்க கூட்டிட்டுப் போறீங்க?"

"ஆபீசுக்கு, சாமி. உனக்குத்தான் மூணு வயசு ஆயிருச்சே."

அவன் அதை ஒப்புக்கொண்டான். ஆனால் கையை விடவில்லை. உருளையை வாங்கி ஒரு முறை திருப்பிப் பார்த்தான். அன்றைக்குத் தேடியதைப் போலவே தேடினான். பிறகு என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினான்.

"அவங்களுக்குக் கண்ணு தெரியாதுங்க. வழியில என்ன இருக்குன்னு நீங்க சொல்லிட்டே போங்க."

வண்டியில் உட்கார்ந்ததும் அதைப் பைக்குள் போட எனக்கு மனம் வரவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டேன். தறித்தெரு முடிகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே போனேன்: இது டீக்கடை, இது வேப்பமரம், இது தங்காயி வீடு, இங்கே வெயில் அடிக்கிறது.